ஒன்றரைச் சென்ரிமீற்றர் காயம்

1993 ஏப்ரில் மாதத்தின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் அன்றிரவு விளையாட்டுச் செய்திகளில் எவருக்கும் நாட்டமிருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னர்தான், ஏப்ரில் 23 ஆம் திகதி, கிருலப்பனையில் நடைபெற்ற தேர்தல் கூட்டமொன்றில் லலித் அத்துலத்முதலி சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். மறுநாள் மே தினம். ஊர்வலங்களில் என்ன நடக்குமோ என்ற பதற்றத்துடன் நாம் இருந்தபோது, இரவு பத்து மணிக்குப் பின்னர் வெளிநாட்டுச் செய்திகள் வரும் ரெலிபிரின்டரில் ஹம்பேர்க்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. உலகின் முதல்நிலை டென்னிஸ் வீராங்கனை மொனிக்கா செலஸ், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, மைதானத்தில் வைத்துக் கத்தியால் குத்தப்பட்டார் என்றது அச்செய்தி.

அதை நான் நான்கு பந்திகளில் தமிழாக்கிக் கொடுத்தேன். சனிக்கிழமைப் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டதால் ஞாயிறு இதழுக்கென அது ஒதுக்கிவைக்கப்பட்டது. சனிக்கிழமை நண்பகலுக்குப் பின்னர் ஆமர் வீதியில் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஞாயிறு இதழின் எல்லாப் பக்கங்களும் மாறின. எனது நான்கு பந்திகள் எங்கு போயின என்று கேட்பதற்குக்கூட எனக்குத் தோன்றவில்லை.

முப்பது வருடங்களுக்குப் பின்னர், 2023 இல், செலஸைத் தாக்கிய கியுன்டர் பார்ஹே என்பவர் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் முதல் வருடமே காலமாகிவிட்டார் என்று ஜேர்மன் ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. அதைப் படித்தபோதுதான் அந்த இரவு நினைவுக்கு வந்தது. பழைய செய்திகளைத் தேடிப் படிக்கப் படிக்க, இதை வெறுமனே ஒரு விளையாட்டுச் செய்தியாகவோ குற்றச் செய்தியாகவோ கொள்ள முடியாது என்று தோன்றியது. குற்றவாளியின் மனதை ஆராயும் சட்ட உளமருத்துவமும், வீரர்களின் ஆற்றலை ஆராயும் விளையாட்டு உளவியலும் ஒரே சம்பவத்தின் இரு பக்கங்களில் நின்றுகொண்டு ஒன்றையொன்று பார்க்காமலே விலகிச்சென்ற கதை அது.

செலஸ் யார் என்பதை இளைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். முன்னாள் யூகோஸ்லாவியாவின் நோவிசாட் நகரில் 1973 டிசம்பரில் பிறந்தவர். 16 வயதில், 1990 இல், பிரெஞ்சு பகிரங்கப் பட்டத்தை வென்றார். கத்திக்குத்துக்கு இலக்கானபோது அவருக்கு 19 வயது. அதற்குள் எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். 1991 ஜனவரி தொடக்கம் 1993 ஜனவரி வரை அவர் கிராண்ட்ஸ்லாம் தொடர்களில் ஆடிய 56 ஆட்டங்களில் 55 இல் வெற்றி. தோற்ற ஒரேயொரு ஆட்டம் 1992 விம்பிள்டன் இறுதிப்போட்டி. தோற்றது ஜேர்மனியின் ஸ்டெபி கிராபிடம்.

அந்தத் தோல்வியைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. பந்தை அடிக்கும்போது செலஸ் உரத்து ஒலியெழுப்புவார். அந்த விம்பிள்டனில் எதிராளிகள் அதைப் பற்றி முறையிட்டனர், பத்திரிகைகள் கேலிசெய்தன. இறுதிப்போட்டியில் அவர் ஓசையின்றி ஆடித் தோற்றார். 2010 இல் ஹவாய், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் இத்தகைய ஒலியைப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். அடியோடு ஒலியும் சேர்ந்து வரும்போது, பந்து செல்லும் திசையைக் கணிப்பவரின் முடிவு தாமதமாகிறது, தவறுகளும் கூடுகின்றன என்று கண்டனர். 1992 இல் முறையிட்டவர்களின் பேச்சில் நியாயம் இருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம். ஆனால், அந்த இறுதிப்போட்டியில் ஒரு வீராங்கனை தனது ஆட்டத்தின் ஓர் அங்கத்தைக் கழற்றிவைத்துவிட்டு மைதானத்துக்கு வந்தார் என்பதும் உண்மையே.

இனி ஹம்பேர்க். ரொத்தன்பவும் மைதானத்தில் காலிறுதி. எதிராளி பல்கேரியாவின் மக்டலேனா மலீவா. செலஸ் 6-4, 4-3 என முன்னிலையில் இருந்தார். பக்கம் மாறும் இடைவேளையில், பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலியில் அமர்ந்திருந்தார். 38 வயதான பார்ஹே கூட்டத்திலிருந்து இறங்கிவந்து, தடுப்பின் மேலாகச் சாய்ந்து, இறைச்சியிலிருந்து எலும்பை அகற்றப் பயன்படும் நீண்ட கத்தியால் அவரது தோள்பட்டைகளுக்கு இடையில் குத்தினார். காயத்தின் ஆழம் ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர். முள்ளந்தண்டுக்குச் சேதமில்லை. சில வாரங்களில் ஆறிவிடும் காயம் என்றே வைத்தியர்கள் கருதினர்.

பார்ஹே முன்னாள் கிழக்கு ஜேர்மனியின் தூரிங்கியாப் பகுதியைச் சேர்ந்தவர். வேலையிழந்த கடைச்சல் தொழிலாளி. கிராப் மீது அவருக்கு இருந்தது சாதாரண ரசிகரின் அபிமானமல்ல. கிராபை முதலிடத்திலிருந்து வீழ்த்திய இந்தப் பெண்ணை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கொல்லும் நோக்கம் தனக்கிருக்கவில்லை, ஆட முடியாதவாறு காயப்படுத்துவதே நோக்கம் என்று அவர் கூறினார். கிராபுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் வைத்தியசாலைக்குச் சென்று செலஸைப் பார்த்தார். ஆனால், பார்ஹே விரும்பியது நடந்தது. 1993 ஜூன் 7 ஆம் திகதி கிராப் மீண்டும் முதலிடத்துக்கு வந்தார். அவர் தனது வாழ்நாளில் வென்ற 22 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களில் சரிபாதி, அதாவது 11, ஹம்பேர்க் சம்பவத்துக்குப் பின்னர் வென்றவை. குற்றவாளி தான் எண்ணியதை இவ்வளவு துல்லியமாகச் சாதித்த வேறொரு குற்றத்தை எனது நீண்ட பத்திரிகை அனுபவத்தில் என்னால் நினைவுகூர முடியவில்லை.

1993 ஒக்டோபரில் வழக்கு விசாரணைக்கு வந்தது. அங்கு நடந்ததைப் புரிந்துகொள்வதற்கு 150 வருடங்கள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

1843 ஜனவரி 20 ஆம் திகதி லண்டனில், டானியல் மக்நோட்டன் என்ற கிளாஸ்கோ நகரத்தவர், பிரதமர் ரொபேர்ட் பீலின் செயலாளரான எட்வேர்ட் டிரமண்டைச் சுட்டார். சில தினங்களில் டிரமண்ட் இறந்தார். பிரதமர் என்று எண்ணியே மக்நோட்டன் அவரைச் சுட்டதாகக் கருதப்பட்டது. டோரிக் கட்சியினர் தன்னை ஓயாமல் பின்தொடர்ந்து துன்புறுத்துகிறார்கள் என்பது அவரது திடமான நம்பிக்கை. அவரும் ஒரு கடைச்சல் தொழிலாளியே. பார்ஹே கடைந்தது உலோகம், இவர் கடைந்தது மரம். தற்செயல்தான், ஆனாலும் குறிக்காமல் விட மனம் வரவில்லை.

மக்நோட்டனுக்காக வாதாடிய அலெக்சாண்டர் கொக்பேர்ன், ஐசாக் றே என்ற அமெரிக்க வைத்தியர் 1838 இல் சித்தசுவாதீனமின்மையின் சட்ட வைத்தியம் பற்றி எழுதிய நூலை நீதிமன்றத்தில் எடுத்தாண்டார். சட்ட உளமருத்துவம் என்ற துறை நீதிமன்றத்தினுள் உறுதியாகக் காலெடுத்து வைத்த தருணங்களில் அது ஒன்று. மக்நோட்டன் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. விக்டோரியா மகாராணி உட்படப் பலரும் சீற்றமடைந்தனர். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துக் கேள்விகளைக் கேட்டது. அவர்கள் அளித்த விடைகளே மக்நோட்டன் விதிகள் எனப் பெயர்பெற்றன. செயலின் தன்மையை அறிந்திருந்தானா, அது தவறென்று அறிந்திருந்தானா என்பதே அவற்றின் சாரம். விடுவிக்கப்பட்டார் என்றாலும் மக்நோட்டன் வீட்டுக்குப் போகவில்லை. பெத்லெம் வைத்தியசாலையில் இருபது வருடங்களுக்கு மேலாக அடைபட்டிருந்து, பின்னர் புரோட்மூருக்கு மாற்றப்பட்டு, 1865 இல் இறந்தார்.

அந்த விதிகள் கப்பலேறி எமது பக்கமும் வந்தன. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84 ஆம் பிரிவாகவும், 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 77 ஆம் பிரிவாகவும் அவை இடம்பெற்றன. கொழும்பில் நீதிமன்றச் செய்தியாளராக நான் இருந்த காலத்தில் சட்டத்தரணிகள் 77 என்று எண்ணை மட்டும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிரிவில் ஒன்றில் அறிந்திருந்தான், இல்லையேல் அறிந்திருக்கவில்லை. இடைநிலை ஒன்றுக்கு அங்கு இடமில்லை.

ஜேர்மனியின் சட்டத்தில் அந்த இடைநிலை உண்டு. அங்கு தண்டனைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு முழுமையாகப் பொறுப்பற்றவரைப் பற்றியது; 21 ஆம் பிரிவு பொறுப்புணர்வு கணிசமாகக் குறைந்தவரைப் பற்றியது. இரண்டாம் வகையினர் குற்றவாளிகளே. ஆனால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். பார்ஹேயைப் பரிசோதித்த உளமருத்துவ நிபுணர், அவரது ஆளுமை பெரிதும் இயல்புக்கு மாறானது, அதனால் பொறுப்புணர்வு குறைந்தவர் என்று சாட்சியமளித்தார். நீதிமன்றம் அதை ஏற்றது. கொலை முயற்சிக்காக அல்ல, உடற்காயம் ஏற்படுத்தியமைக்காகவே தண்டனை. இரண்டு வருடச் சிறை, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. தடுப்புக்காவலில் ஐந்தரை மாதங்கள் இருந்த பார்ஹே வெளியே வந்தார். 1995 இல் நடந்த மறுவிசாரணையிலும் தண்டனை மாறவில்லை. செலஸ் இரு தடவையும் நீதிமன்றத்தில் நேரில் தோன்றவில்லை.

தீர்ப்பு வந்த வேளையில், உலகிலிருந்த மற்றெல்லோரையும் போலவே நானும் அதை ஓர் அநீதி என்றே கருதினேன். இப்போது அவ்வளவு இலகுவாக அப்படிச் சொல்ல என்னால் இயலவில்லை. நிபுணரிடம் கேட்கப்பட்டது குற்றவாளியின் மனதைப் பற்றியே. அதற்கு அவர் விடையளித்தார். இவர் மீண்டும் இத்தகைய குற்றம் புரிவாரா என்பதும் நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி. சிறைத்தண்டனையை ஒத்திவைப்பதென்றால் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேயாக வேண்டும். அதற்குப் பின்னர் ஏறத்தாழ 29 வருடங்கள் பார்ஹே உயிரோடு இருந்தார். மீண்டும் எவரையும் தாக்கியதாகச் செய்தியெதுவும் வரவில்லை. அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை என்பதே உண்மை. ஏற்றுக்கொள்வதற்குக் கசப்பான உண்மை, ஆனாலும் உண்மை.

குறை வேறோரிடத்தில் இருக்கிறது. 1843 தொடக்கம் இந்தத் துறை நீதிமன்றத்தில் கேட்டுவந்த கேள்விகளெல்லாம் கத்தியை ஏந்தியவரின் மனதைப் பற்றியவை. குத்துப்பட்டவரின் மனதில் என்ன நடந்தது என்பதை அளக்கும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை. சட்டத்தின் தராசில் ஏறியது ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழம். மனவடு என்ற சொல் போரைக் கண்ட எமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அதைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1998 இல் வெளிவந்தது. நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்ப் பட்டியலில் சேர்த்ததே 1980 இல்தான், வியட்நாமிலிருந்து திரும்பிய படையினரின் துன்பத்தைக் கண்ட பிறகு. ஹம்பேர்க் நீதிமன்றம் கூடியபோது அந்த நோய்க்கு வயது 13.

சரி, வீரர்களின் மனதை அளப்பதற்கென்றே இருந்த மற்றைய துறை என்ன செய்துகொண்டிருந்தது? அதன் தொடக்கத்தை வழமையாக 1898 இல் வைப்பர். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் நோமன் ட்ரிப்லெட் என்பவர் சைக்கிளோட்டப் பந்தயங்களின் நேரக்கணக்குகளை ஆராய்ந்து, தனியே ஓட்டுவதைவிட மற்றவர்கள் கூட ஓட்டும்போது வேகம் கூடுகிறது என்று கண்டார். பின்னர் 40 சிறுவர்களிடம் மீன்பிடித் தூண்டிலின் நூற்சுருளைச் சுற்றக் கொடுத்து அதைப் பரிசோதித்தார். 1925 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிபித் விளையாட்டு வீரர்களுக்கென ஆய்வுகூடமொன்றை நிறுவினார். பொருளாதார மந்தத்தின்போது, 1932 இல், அது மூடப்பட்டது. அதற்குப் பிந்திய பல தசாப்தங்களிலும் இத்துறையின் பெரும் அக்கறை ஒன்றே: மனிதரை எவ்வாறு மேலும் நன்றாக ஆடவைப்பது? பக்கத்தில் இருக்கும் மனிதர்கள் அதற்கு ஓர் உந்துவிசை. சில சமயம் கூட்டத்தைக் கண்டு கை நடுங்கும், அவ்வளவே.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தியுடன் எழுந்துவருவார் என்பதற்கு ட்ரிப்லெட்டின் கணக்கில் இடமில்லை. ஹம்பேர்க்குக்குப் பின்னர் செலஸுக்குக் கூட்டம் என்பது வேறொன்றாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் இருப்பவை ஆயிரம் முகங்கள். அவற்றில் எது என்று தெரியாது.

அவர் திரும்பிவர 27 மாதங்கள் ஆயின. 1995 ஜூலை இறுதியில் அட்லாண்டிக் சிற்றியில் மார்ட்டினா நவ்ரதிலோவாவுடன் காட்சி ஆட்டமொன்றில் தோன்றினார். ஓகஸ்டில் ரொறொன்ரோவில் கனேடிய பகிரங்கப் போட்டியில் ஆடி, இறுதியில் அமாண்டா குட்சரை 6-0, 6-1 என வென்றார். அடுத்த மாதம் அமெரிக்கப் பகிரங்க இறுதிப்போட்டியில் கிராபிடம் மூன்று செட்களில் தோற்றார். அதில் நடு செட்டை 6-0 என வென்றிருந்தார். 1996 ஜனவரியில் அவுஸ்திரேலியப் பட்டம். அது ஒன்பதாவது. அதற்குப் பின்னர் ஒன்றுமில்லை.

இந்த எண்கள் எனக்குப் புதிராகவே இருந்தன. காயம் மனதை முடமாக்கியது என்றால், திரும்பிவந்த முதற்தொடரிலேயே எவ்வாறு வென்றார்? கையின் திறமை மறக்கவில்லை என்பது தெளிவு. கைவிட்டுப் போனது, வாரந்தோறும் பயிற்சி, பயணம், மீண்டும் மைதானம் என்று அதைத் தாங்கிக்கொண்டு போகும் வலு என்றே நினைக்கிறேன். 2009 இல் வெளியிட்ட நூலில் அவர், கட்டுப்படுத்தமுடியாமல் உணவுண்ணும் நோயுடன் வருடக்கணக்கில் போராடியதை விபரித்தார். இரவில், தனிமையில் அந்நோய் அவரைப் பிடித்தது. அதே காலத்தில் தந்தை புற்றுநோயால் வாடினார். 1998 மே மாதம் இறந்தார். சில வாரங்களில் செலஸ் பிரெஞ்சு பகிரங்க இறுதிப்போட்டியை எட்டினார் என்பது வியப்புக்குரியது.

இங்குதான் ஆய்வாளரின் நேர்மைக்குச் சோதனை. எட்டுப் பட்டங்கள் முன்னர், ஒரு பட்டம் பின்னர்; எனவே கத்தி பறித்தது இத்தனை என்று கணக்கெழுத ஆசையாக இருக்கும். ஆனால் தந்தையின் நோய், வயது, புதிய தலைமுறையின் வருகை, உணவு நோய் ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கையில், தனியொருவரின் வாழ்க்கையில் எது எதனால் விளைந்தது என்று எந்த விஞ்ஞானமும் பிரித்துக்காட்ட முடியாது. ஆய்வு ஆயிரம் பேரைப் பற்றிப் பேசும். நீதிமன்றம் கேட்பதோ ஒருவரைப் பற்றி. செலஸ் ஜேர்மன் டென்னிஸ் சம்மேளனத்துக்கு எதிராக இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கும் தோல்வியில் முடிந்தது.

சட்ட உளமருத்துவம் அதற்குப் பின்னர் வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரபலமானவர்கள் மீது மனம் பதித்தவர்களைப் பற்றிய ஆய்வு ஹம்பேர்க்குக்கு முன்னரே தொடங்கியிருந்தது. அமெரிக்க உளமருத்துவர் பார்க் டீட்ஸும் சகாக்களும் ஹொலிவூட் பிரபலங்களுக்கு வந்த கடிதங்களை ஆராய்ந்து 1991 இல் கட்டுரை வெளியிட்டனர். மிரட்டிக் கடிதம் எழுதுபவரே நேரில் வருவார் என்று பொலிஸார் நம்பியிருந்தனர். மிரட்டலுக்கும் நேரில் வருவதற்கும் தொடர்பைக் காண முடியவில்லை என்றது அக்கட்டுரை. மிரட்டல் கடிதத்துக்காக மட்டும் காத்திருப்பது பயனற்றது என்பதே அதன் பொருள். 2006 இல் பிரித்தானியாவில் பொலிஸாரும் உளமருத்துவர்களும் ஒரே அலுவலகத்தில் அமர்ந்து இத்தகையவர்களைக் கண்டறியும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்தொடர்ந்து தொல்லை தருவதை ஜேர்மனி தனிக் குற்றமாக்கியது 2007 இல்.

ஆனாலும் பார்ஹே போன்ற ஒருவர் அந்த வலையில் அகப்பட்டிருப்பாரா என்பது ஐயமே. அவரது மனம் பதிந்திருந்தது கிராப் மீது. குத்துப்பட்டது, அந்த வழிபாட்டுக்கு இடையூறாகத் தெரிந்த மூன்றாமவர்.

மைதானத்தில் மாறியது ஒன்று உண்டு. இப்போது பெரிய தொடர்களில் பக்கம் மாறும் இடைவேளையின்போது, வீராங்கனையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு காவலர் வந்து நிற்பார். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 2025 பெப்ரவரியில் டுபாயில், தன்னைப் பின்தொடர்ந்துவந்த ஒருவரை முன்வரிசைகளில் கண்ட எம்மா ரடுகானு கண்ணீருடன் நடுவரின் உயர்ந்த நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அந்த நபர் அப்புறப்படுத்தப்பட்டார். சில நிமிடங்களில் ஆட்டம் தொடர்ந்தது. ரடுகானு நேர் செட்களில் தோற்றார்.

செலஸ் 2003 பிரெஞ்சுப் போட்டிக்குப் பின்னர் தொழில்முறை ஆட்டமெதிலும் களமிறங்கவில்லை. 2008 பெப்ரவரியில் ஓய்வை அறிவித்தார். 1993 ஏப்ரில் 30 ஆம் திகதிக்குப் பின்னர் அவர் ஜேர்மனியில் ஒருபோதும் ஆடவில்லை. 6-4, 4-3 என்று நின்ற அந்தக் காலிறுதியின் மிகுதி ஆடப்படவேயில்லை. தொடர் மட்டும் திட்டமிட்டபடி நடந்து முடிந்தது. இறுதிப்போட்டியில் கிராப், அரன்சா சன்ஷெஸ் விகாரியோவிடம் தோற்றார்.